விசைப்பலகையில் இலக்கணம்

கணிப்பொறி இந்நாளில் அலுவலகத்திற்கும் வங்கிக்கும் மட்டும் உரிய பொருளன்று. பனங்காட்டின் நடுவே அமைந்த நம் சாயர்புரத்திலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், அது பல இல்லங்களிற் புகுந்துவிட்டது. தையற்பொறிக்கு அருகிலோ, பள்ளிப் புத்தகங்கள் அடுக்கிய மேசையிலோ அதற்கும் ஓரிடம் ஏற்பட்டுவிட்டது. ஆயின், ஒரு பொருள் வீட்டிற்கு வருதல் வேறு. அது கைக்கு வசமாதல் வேறு. அரிவாள் வாங்கினார் எல்லாரும் பாளை சீவ வல்லராகார் அன்றோ?

நம்மிற் பலர் கணிப்பொறியைச் சுட்டியைக் கொண்டே இயக்குகின்றோம். ஒரு சொல்லைப் படியெடுக்க வேண்டின், விசைப்பலகையினின்று கையை எடுத்துச் சுட்டியைப் பற்றி, அம்புக்குறியை நகர்த்தி, பட்டியலைத் திறந்து, அதில் வேண்டியதைத் தேடிச் சொடுக்கி, மீண்டும் கையைப் பழைய இடத்திற்குக் கொணர்கின்றோம். அதற்குள் நெஞ்சில் எழுந்த எண்ணம் பாதி போய்விடுகின்றது. தமிழ் எழுதும்பொழுதோ, அம்மொழியை ஆங்கில எழுத்துக்களால் தட்டி, பொறி காட்டும் சொற்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்கின்றோம். இவ்விரு சுற்றுவழிகளையும் விடுத்து, கையும் கருத்தும் ஒருங்கே செல்லும் நேர்வழி ஒன்று உண்டு என்பதையும், அவ்வழி நாம் வகுப்பிற் பயிலும் எழுத்திலக்கணத்தின் ஊடே செல்கின்றது என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்துணை விரைவு எதற்கு என வினவுவார் உளர். அவர்க்கு என் இல்லத்து நிகழ்ச்சியையே விடையாகக் கூறுவேன். என் பாட்டனார் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்தவர். பனையேறிகளின் மக்களுக்குப் பாடஞ்சொன்ன அவர், அம்மக்களின் தந்தையர் வழங்கிய தொழிற்சொற்களை மூன்று நோட்டுப்புத்தகங்களில் மையூற்றுப் பேனாவால் எழுதிவைத்துச் சென்றார். பாளையை இடுக்கும் கடிப்பு, ஏறுவார் காலிற் பூட்டும் தளைநார், மரத்திற் சார்த்தி மிதிக்கும் முருக்குத்தடி, இடுப்பிற் கட்டும் அரிவாட்பெட்டி, பதநீர் காய்ச்சும் விடிலி என இவ்வாறு பக்கந்தோறும் சொற்கள் நிரம்பியுள்ளன. ஆயின், பொருள் எழுதப்பெற்றவை சிலவே. தமக்குத் தெரிந்ததைத் தாமே தமக்கு விளக்குவானேன் என்று விடுத்தார் போலும்.

அவர் மறைந்தபின், அச்சொற்களின் பொருளறிந்தார் எங்கள் இல்லத்தில் ஒருவரே உளர். அவர் என் ஆச்சி. இளமையில் தம் தந்தையாரின் விடிலியிற் பதநீர் காய்ச்சியவர். அவர்க்கு இப்பொழுது அகவை 84. கண்ணொளி மங்கிவிட்டமையின் அவரால் படிக்க இயலாது. யான் ஒரு சொல்லை வாசிக்க, அவர் அதன் பொருளையும், அது வழங்கும் இடத்தையும், சில வேளை அதனோடு ஒட்டிய கதையையும் கூறுவார். மாலை ஜெபம் முடிந்தபின் ஒரு மணி நேரம். அதற்குமேல் அவர்க்கு மூச்சு வாங்கும். அவ்வொரு மணி நேரத்தில் என் விரல்கள் எத்துணைச் சொற்களைப் பற்றுகின்றனவோ அத்துணையே எஞ்சும். ஆதலின், விரைவு எனக்கு விளையாட்டன்று.

பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் செயலிகள் வந்துவிட்டனவே எனின், அவற்றையும் யான் இயக்கிப் பார்த்தேன். ‘விடிலி’ என்று ஆச்சி கூற, ‘விடியல்’ என்று பொறி எழுதிற்று. ‘கடிப்பு’ என்றால், ‘கடிதம்’ என்றது. பலரும் எழுதிய சொற்களைக் கொண்டே அப்பொறி பழகுகின்றது. ஒருவரும் எழுதாத சொல்லை அஃது எங்ஙனம் அறியும்? அத்தகைய சொல்லை முதன்முதல் மனிதன் கையே எழுதுதல் வேண்டும். ஒலிப்பதிவும் செய்துவருகின்றேன். ஆயினும், ஆண்பனைக் கடிப்புக்கும் பெண்பனைக் கடிப்புக்கும் வேறுபாடு யாது என்று ஐயம் எழுமிடத்து, ஒலிப்பதிவை வினவுதல் கூடுமோ? வினவ வேண்டியவர் எதிரே இருக்கும்பொழுதே எழுத வேண்டியதை எழுதிவிடல் வேண்டும்.

நிற்க. தமிழெழுத்தைப் பொறியில் ஏற்றும் முயற்சி நம் கடற்கரைக்குப் புதியதன்று. முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சேறியது. அன்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஈய அச்சு வேண்டியிருந்தது. தட்டச்சுப்பொறி தோன்றியபொழுது இடர் பெரிதாயிற்று. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துக்களை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா என்பார் இவ்விடரைக் களைந்தார். விசையைத் தட்டினும் தாளை நகர்த்தாத ‘நகரா விசை’களைப் புள்ளிக்கும் சில குறிகளுக்கும் அமைத்து, ஓரெழுத்தை இரு தட்டில் உருவாக்க வழி செய்தார். அப்பொறியில் எழுதுவோர் எழுத்தின் வடிவை நோக்கியே தட்டினர். ‘கெ’ என்பதில் முதலிற் கொம்பும் பின்னரே ககரமும் தட்டப்பெற்றன.

கணிப்பொறி வந்தபின், வடிவை விடுத்து ஒலியின் முறையே தட்டும் வழி பிறந்தது. 1999-ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சென்னையில் நிகழ்ந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டினை ஒட்டி, தமிழ்நாட்டரசு அவ்வாண்டே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை ‘தமிழ்99’ எனப்படும். இக்கட்டுரையில் யான் போற்றிக்கூறுவது இதனையே. விண்டோஸ் கணிப்பொறியின் அமைப்புகளுள் மொழிப் பகுதியைத் திறந்து, தமிழைச் சேர்த்து, விசைப்பலகைப் பட்டியலில் இதனைத் தெரிந்துகொள்ளலாம்.

இதன் அமைப்பை நோக்குவோம். உயிர் பன்னிரண்டும் இடக்கைப் புறத்தன. மெய் பதினெட்டும், வகரமும் ஙகரமும் நீங்கலாக, வலக்கைப் புறத்தன. நடு வரிசையில் இடக்கை விரல்களின் கீழ் அ, இ, உ என்னுங் குறில்கள். அவற்றிற்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ என்னும் நெடில்கள். எகரத்தின் மேல் ஏகாரம். வலக்கைக்கு நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. எந்த விசைப்பலகையிலும் ஆங்கில எஃப், ஜே என்னும் விசைகளின்மேல் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு ஒன்றுண்டு. கண்ணாற் காணாமலே கை தன்னிடத்தை அறிதற்கு அஃது அடையாளம். தமிழ்99-இல் அந்த எஃப் விசையே புள்ளிக்குரியது. விரல்நுனியில் தட்டுப்படும் புள்ளியே எழுத்தின் புள்ளியாதல் நினைவிற்கு எத்துணை எளிது!

இனவெழுத்துக்களின் அமைப்போ இதனினும் வியப்புடைத்து. மகரம் பகரத்தின் அருகில். நகரம் தகரத்தின் அருகில். ணகரம் டகரத்தின் அருகில். ஞகரம் சகரத்தின் அருகில். னகரம் றகரத்தின் அருகில். ஙகரம் மட்டும் ககரத்திற்குச் சற்றுக் கீழே சாய்ந்து நிற்கும். சொல்லில் இணைந்து நடக்கும் எழுத்துக்கள் பலகையிலும் இணைந்தே வீற்றிருக்கின்றன.

இனி, விதிகள். மெய்யின் விசையை ஒருமுறை தட்டினால் அகரமேறிய உயிர்மெய் தோன்றும். ககர விசை ‘க’வைத் தரும். அதனையடுத்து இகரத்தைத் தட்டினால் ‘கி’ ஆகும். இது முதல் விதி. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால், முதலெழுத்து தானே புள்ளி பெறும். ககரத்தை இருமுறை தட்ட ‘க்க’ ஆகும். இது இரண்டாம் விதி. மெல்லெழுத்தைத் தட்டி அதன் இனமாகிய வல்லெழுத்தைத் தட்டினால், மெல்லெழுத்து தானே புள்ளி பெறும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்பன புள்ளி விசையைத் தொடாமலே அமையும். இது மூன்றாம் விதி.

நண்பர்களே, இவ்விதிகளை நாம் முன்னரே படித்துள்ளோம் அல்லமோ? இரண்டாம் விதி உடனிலை மெய்ம்மயக்கம். மூன்றாம் விதி வேற்றுநிலை மெய்ம்மயக்கத்தின் ஒரு பகுதி. எந்த எழுத்தின்பின் எந்த எழுத்து நிற்கும் என்று தொல்காப்பியரும் பவணந்தியாரும் வகுத்தவற்றைத் தேர்வுக்காக மட்டும் நெட்டுருப் போடுவார் பலர். தமிழ்ச் சொல்லின் நடையை அவ்வாசிரியர்கள் கண்டறிந்தமையாலன்றோ, அடுத்து வருவது யாது என்பதை இன்று பொறியும் முன்னறிந்து ஒரு தட்டை மிச்சப்படுத்துகின்றது! இலக்கணம் என்பது மொழியின் குறுக்குவழிகளை எழுதிவைத்த நூல் என்று கூறினும் தவறாகாது.

எண்ணிப் பார்ப்போம். ‘தூத்துக்குடி’ என்பதை ஆங்கில எழுத்துக்களால் தட்டினால் 14 தட்டுக்கள், தமிழ்99-இல் 10. ‘முத்துக்குளித்தல்’ அவ்வழியில் 18, இவ்வழியில் 14. ‘பந்து’ அங்கு 6, இங்கு 4. ஒரு சொல்லில் இது சிறிதாகத் தோன்றலாம்; ஒரு மாலைப்பொழுதில் இது பல பக்கங்களாகும்.

தட்டின் எண்ணிக்கையினும் பெரியது பிறிதொன்றுண்டு. பாட்டனாரின் ஏட்டில் தளை, தழை, தலை என்னும் மூன்று சொற்களும் பனைக்கே உரியனவாய் வருகின்றன. காலிற் பூட்டுவது தளை. ஓலையொடு கூடியது தழை. மரத்தின் உச்சி தலை. ஆங்கில எழுத்தின் வழியே செல்வார், இம்மூன்றனுள் எது தமக்கு வேண்டுவது என்று திரையில் தோன்றும் பட்டியலிற் பார்த்துத் தெரிதல் வேண்டும். அப்பொழுது கண் ஆச்சியின் முகத்தை விட்டுத் திரைக்குச் செல்லும். அவர் கை விரித்துக் காட்டும் அளவு காணாமற் போகும். தமிழ்99-இல் லகரம் கீழ் வரிசையில். ளகரம் மேல் வரிசையில். ழகரம் கீழ் வரிசையின் கோடியில். மூன்றும் மூன்று விரலசைவுகள். நாவிற்கு வேறுபாடு தெரிவதுபோல விரலுக்கும் தெரிந்துவிடுகின்றது. தமிழைத் தமிழாகவே எண்ணி எழுதும் பழக்கம் இதனால் உண்டாகின்றது. இஃது எல்லாவற்றினும் மேலான ஊதியம்.

விதி உண்டெனின் விலக்கும் உண்டு. ‘நதி’ என்று எழுத நகரத்தையும் தகரத்தையும் தட்டினால், ‘ந்தி’ என்றே அமையும். அவ்விடத்து இடையில் அகரத்தைத் தட்டுக. நகரம், அகரம், தகரம், இகரம் என்னும் முறையில் ‘நதி’ பிறக்கும். ‘நத்தை’, ‘பப்பாளி’, ‘நந்தவனம்’ ஆகிய சொற்களின் தொடக்கத்தும் இதுவே வழி. மெய்யினுள் அகரம் மறைந்து நிற்கின்றது என்னும் இலக்கணக் கருத்தை விரலாலே உணர இதனினும் நல்ல பாடம் இல்லை.

இனி யான் கையாளும் உத்தி ஒன்றைக் கூறுவேன். ஆச்சியின் பேச்சிற் பதநீர், கருப்பட்டி, விடிலி என்னுஞ் சொற்கள் நொடிக்கு நொடி வரும். அவற்றை முழுமையும் தட்டினால் பேச்சு முந்திவிடும். ஆதலின், ஒவ்வொன்றற்கும் ஒரு குறி வைத்துக்கொண்டு, இறுதியில் அக்குறியை முழுச்சொல்லாக மாற்றிவிடக் கருதினேன். ஆயின், குறியாக வைக்கும் எழுத்து வேறு சொல்லினுள் வருமாயின், அச்சொல்லும் உடன் மாறிக் கெடும். எச்சொல்லிலும் வாராத எழுத்து தமிழில் உண்டோ? உண்டு. நெடுங்கணக்கில் ஙகர வரிசையை நோக்குக. ‘அங்ஙனம்’ முதலிய சிலவற்றில் ‘ங’ வருகின்றது. ஙா, ஙீ, ஙூ, ஙே என்பன எச்சொல்லிலும் வருவதில்லை. பள்ளிச் சுவரிற் படமாகத் தொங்குவதன்றி வேறு தொழிலற்ற அவ்வெழுத்துக்களுக்கு யான் வேலை கொடுத்தேன். ‘ஙீ’ என்றால் கருப்பட்டி; ‘ஙே’ என்றால் விடிலி. எட்டுத் தட்டுக்களாகிய ‘கருப்பட்டி’ இரண்டாயிற்று. மாலை முடிந்தபின் கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்த, ஒன்றைத் தேடி மற்றொன்றாக மாற்றும் பெட்டி திறக்கின்றது. ‘அனைத்தையும் மாற்றுக’ என்றால் ஒரு நொடியில் யாவும் முழுச்சொற்களாகின்றன.

இதிலும் புணர்ச்சியை மறத்தலாகாது. ‘பதநீர்’ மெய்யீற்றுச் சொல். அதனை முழுமையும் ஒரு குறிக்குள் அடக்கினால், ‘பதநீரை’ என்னுமிடத்து ‘பதநீர்’ என்பதன்மேல் ஐகாரம் ஏறாது தனித்து நிற்கும். ஆதலின், ‘ஙா’ என்னுங் குறிக்குப் ‘பதநீ’ என்பதையே வைத்தேன். எஞ்சிய ரகரத்தை யான் தட்ட, அதன்மேல் வேற்றுமையுருபு தானே ஏறிக்கொள்கின்றது. இவ்வாறு எழுதத் தொடங்கிய சில நாளில் ஆச்சி, ‘ஏட்டி, நாஞ் சொல்லி முடிக்குமுன்ன உன் விரலு வெரசா முடிச்சிருதே, நாந்தான் உனக்காக ஓடணும் போல’ என்றார். அன்று அவர் வழக்கத்தினும் மிகுதியாகப் பேசினார்.

மற்றைக் குறுக்கு விசைகளைச் சுருங்கக் கூறுவேன். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கீழ் வரிசையின் முதல் நான்கு விசைகளை முறையே தொட்டால், ஆங்கில இசட் செய்ததை மீட்கும், எக்ஸ் வெட்டும், சி படியெடுக்கும், வி ஒட்டும். தமிழ்99-இல் அவை ஔ, ஓ, ஒ, வ என்பனவற்றின் இடங்கள். வெட்டி ஒட்டும் இம்முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவருள் முதன்மையானவர் லாரி டெஸ்லர். அவர் 2020-ஆம் ஆண்டில் மறைந்தார். கண்ட்ரோலுடன் இடவல அம்பு விசைகளை அழுத்தினால் எழுத்தெழுத்தாகவன்றிச் சொற்சொல்லாக நகரலாம். உடன் ஷிப்ட் விசையையும் அழுத்தினால் சொற்கள் தெரிவு செய்யப்படும். விண்டோஸ் விசையுடன் இட அம்பை அழுத்த, திறந்துள்ள பக்கம் திரையின் இடப்பாதியில் ஒதுங்கும். நோட்டுப்புத்தகத்தின் படத்தை இடப்பாதியிலும், எழுதும் பக்கத்தை வலப்பாதியிலும் வைத்துக்கொண்டால், பக்கம் மாற்ற வேண்டுவதேயில்லை. இரண்டினும் மிகுதியாகத் திறந்திருப்பின், ஆல்ட் விசையுடன் டேப் விசையை அழுத்தி ஒன்றினின்று ஒன்றிற்குத் தாவலாம். விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசை தமிழையும் ஆங்கிலத்தையும் மாற்றித் தரும். ஆப்பிள் கணிப்பொறியுடையார், வெட்டல் ஒட்டல் முதலிய நான்கிற்கும் கண்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசையைக் கொள்க.

இவற்றுள் ஒன்றே ஒன்றைக் கற்க மனமுடையார், கண்ட்ரோலுடன் எஸ் விசையைக் கற்பாராக. எழுதியதைச் சேமிப்பது அது. ஆடிக்காற்றில் மின்சாரம் எப்பொழுது நீங்கும் என்று யார் அறிவார்? ஒவ்வொரு சொல்லின் பொருள் முடிந்தவுடனும் என் இடக்கை தானே அதனைத் தொடும்படி பழக்கியுள்ளேன்.

தேடுதற்குக் கண்ட்ரோலுடன் எஃப். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கௌதாரி என்னும் பறவையின் பெயரை ஔகாரம் தட்டி எழுதுவாரும் உளர். ‘கெ’ என்றெழுதிப் பக்கத்தில் ளகரம் தட்டுவாரும் உளர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ அவை வெவ்வேறு; ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடையாது. ரகரத்திற்கு மாறாகத் துணைக்காலை இடுவதும் இத்தகையதே. வடிவை நோக்காது ஒலியை நோக்கி எழுதுவார்க்கு இவ்வழு நேராது. அகராதிக்கெனச் சேர்க்கும் சொற்களில் இவ்வழு புகுமாயின், சொல் ஏட்டிலிருந்தும் இல்லாததாகிவிடும்.

இதனைக் கற்கப் பெருங்காலம் வேண்டாம். முதல் வாரம் இடக்கைக் குறில்களும் அவற்றின் மேலுள்ள நெடில்களும். இரண்டாம் வாரம் வலக்கை நடு வரிசை. மூன்றாம் வாரம் எஞ்சியன. நாளொன்றுக்குக் கால் மணி போதும். விசைகளின்மேல் எழுத்தொட்டிய தாளை ஒட்டிக்கொள்ளாதிருத்தல் நன்று. ஒட்டினால் கண் கீழே செல்லும் பழக்கம் நீங்காது. எழுத்தமைப்பை ஒரு தாளில் வரைந்து எதிர்ச்சுவரில் தொங்கவிடுக. தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால், வலக்கையும் இடக்கையும் மாறி மாறி இயங்கும். கை களைப்பதும் குறையும்.

மூன்று நோட்டுப்புத்தகங்களுள் இரண்டு முற்றுப்பெற்றன. மூன்றாவதிற் பாதி எஞ்சியுள்ளது. அதன் தாள்கள் ஓரங்களில் உதிரத் தொடங்கிவிட்டன. இத்தகைய ஏடுகள் எங்கள் இல்லத்தில் மட்டுமே உள்ளன என்று யான் கருதவில்லை. உப்பளத்துச் சொல், வலைத்தொழிற் சொல், சங்கு குளிப்பார் சொல் என இக்கடற்கரையின் சொற்கள் பல, எழுதப்பெறாமலே முதியோர் நாவில் நிற்கின்றன. நம் மாணவர் ஒவ்வொருவர் இல்லத்திலும் ஒரு கணிப்பொறியும், அருகில் ஒரு தாத்தாவோ ஆச்சியோ இருக்கக்கூடும். பொறி காத்திருக்கும், அவர்கள் காத்திரார். இலக்கணம் கற்ற விரல்களை உடைய நாம், இவ்விடுமுறையிலேயே அவர்கள் அருகில் அமர்ந்து எழுதத் தொடங்குவோமாக.